ஈரமும் வறட்சியும் பேசும் ஆங்கில, ஐரிஷ் பழமொழிகளைப் படித்தறியும் முறை

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வழங்கும் பழமொழிகளில் மழை, சேறு, பனித்துளி, வற்றிய கிணறு, காய்ந்த புல், நனைந்த கால், தாகம் என்று ஈரமும் வறட்சியும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் படிக்கப் புகும் தமிழ் வாசகர் முதலில் செய்ய வேண்டியது, ஈரம் என்றால் செழிப்பு, வறட்சி என்றால் துன்பம் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கும் கணக்கை ஒதுக்கி வைப்பதுதான். அந்த நாடுகளின் உழவர்கள் மழை வரவில்லையே என்று கலங்கியதைவிட, மழை விடவில்லையே என்று கலங்கிய காலங்களே மிகுதி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 225 நாள்கள் மழை நாள்கள். கிழக்குக் கரையிலும் தென்கிழக்கிலும் கூட அந்த எண்ணிக்கை 150 அளவில் இருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கு மலைப்பகுதியில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதே நாட்டின் கிழக்குச் சமவெளியில் அது 600 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு பழமொழி ஈரத்தைப் புகழ்கிறதா, பழிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அது எந்த நிலத்தில், எந்த மாதத்தில், எந்த வேலையில் இருந்தவர் சொன்னது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பழமொழியின் பாதிப் பொருள் தானாகவே விளங்கிவிடும்.

மாதத்தைக் கேளுங்கள்

இந்த முறையைப் பழகிக்கொள்ள, "மார்ச் மாதத்து ஒரு மரக்கால் புழுதி, அரசனை மீட்கும் பணயத்தொகைக்கு ஈடாகும்" என்ற ஆங்கிலப் பழமொழியே மிகப் பொருத்தமானது. இங்கே மரக்கால் என்று நான் எழுதிய அளவு, ஏறத்தாழ 9 லிட்டர் கொள்ளும் பெக் என்ற பழைய ஆங்கில முகத்தல் அளவு. புழுதிக்கு ஏன் இத்தனை மதிப்பு என்றால், இங்கிலாந்தின் வளமான வயல்களில் பெரும்பகுதி களிமண். குளிர்காலம் முழுவதும் மழையைக் குடித்து ஊறிக் கிடக்கும் அந்த மண்ணில் மார்ச் மாதத்தில் கலப்பை இறங்கினால் மண் பாளம் பாளமாகப் பிளந்து இறுகிவிடும், விதை அழுகிவிடும். கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று மேல்மண்ணைப் பொடியாக உலர்த்தினால்தான் வசந்தகால பார்லியையும் ஓட்ஸையும் உரிய நேரத்தில் விதைக்க முடியும். காலடியில் எழும் புழுதி அந்த ஆண்டின் அறுவடைக்குக் கிடைத்த முதல் உறுதி. எனவேதான் அரசனின் உயிர்விலை அதற்கு ஈடாகப் பேசப்பட்டது.

1533 இல் அச்சான ஜான் ஹேவுட்டின் வானிலை பற்றிய நாடகத்தில் இந்த மார்ச் புழுதி வருகிறது. அதே நாடகத்தில், வறட்சியால் தானியப் பஞ்சம் வருவதில்லை என்பது நாம் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லப்பட்டு வருகிறது என்ற பேச்சும் உண்டு. பிற்காலத்தில் அது "வறட்சி இங்கிலாந்தில் பஞ்சத்தைப் பெற்றதில்லை" என்ற பழமொழியாக நிலைத்தது. வியப்பாகத் தோன்றும் இந்தக் கூற்றுக்குப் பின்னால் கசப்பான பட்டறிவு இருக்கிறது. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பா முழுவதையும் வாட்டிய பெரும்பஞ்சம் மழை பொய்த்ததால் வரவில்லை. மழை ஓயாததால் வந்தது. கதிர்கள் வயலிலேயே அழுகின, தீவனப் புல் காயவில்லை, உப்புநீரைக் காய்ச்சி உப்பெடுக்கவும் முடியாமல் இறைச்சியைப் பதப்படுத்தும் வழியும் அடைபட்டது. இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு மார்ச் புழுதியின் விலை மிகையாகத் தோன்றாது. ஆனாலும் அதை எக்காலத்துக்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளக் கூடாது. 1976 ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் நீர்த்தேக்கங்கள் வற்றி, வறட்சிக்கென்றே ஓர் அமைச்சரை அரசு நியமிக்க நேர்ந்தது. குழாய்நீரை நம்பி வாழும் நகரங்களுக்கு ஹேவுட் காலத்து உழவரின் தேற்றுதல் உதவாது.

மாதப் பெயர் வரும் பழமொழிகளில் இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும், பலர் இதைத் தவற விடுகிறார்கள். 1752 செப்டம்பரில் பிரிட்டனும் அயர்லாந்தும் பழைய ஜூலியன் நாள்காட்டியைக் கைவிட்டுக் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது 11 நாள்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அதற்கு முன் பிறந்த பழமொழியில் வரும் தேதியை இன்றைய பருவத்தோடு ஒப்பிடும்போது, 16, 17 ஆம் நூற்றாண்டுகளுக்கு 10 நாள்களும், 1700 க்குப் பின் 1752 வரை 11 நாள்களும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் ஹேவுட்டின் மார்ச் மாதம் இன்றைய மார்ச் 11 அளவில் தொடங்கி ஏப்ரல் 10 வரை நீள்கிறது. வெயில் ஏறி, மண் உலரத் தொடங்கும் காலம் அதுதான். "ஏப்ரல் தூறல் மே மாதப் பூக்களைக் கொணரும்" என்பதற்கும் இதே திருத்தம் பொருந்தும். 14 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் காண்டர்பரி கதைகளின் தொடக்க அடிகளிலேயே மார்ச்சின் வறட்சியை ஏப்ரல் மழை வேர்வரை துளைப்பதைப் பாடுகிறார். அந்த வரிசையில் வறட்சியும் ஈரமும் பகையாக நிற்பதில்லை, முறை வைத்து வருகின்றன.

"பிப்ரவரி வாய்க்காலை நிரப்பும், கருப்பாக வந்தாலும் வெள்ளையாக வந்தாலும்" என்பதைப் படித்துவிட்டு, பிப்ரவரிதான் அங்கே மழை மிகுந்த மாதம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருப்பு மழையையும் வெள்ளை பனிப்பொழிவையும் குறிக்கின்றன. உண்மையில் இங்கிலாந்தின் பல பகுதிகளில் இலையுதிர் கால மாதங்களே பிப்ரவரியைவிட மழை கூடுதலானவை. ஆனால் அக்டோபரில் பெய்யும் மழையைக் கோடையில் காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்கிறது. பிப்ரவரியில் மண் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது, ஆவியாவதும் மிகக் குறைவு. எனவே சிறிது பெய்தாலும் நீர் நேரே வயலோர வாய்க்காலுக்குத்தான் போகிறது. பழமொழி வானத்தை அளக்கவில்லை, வாய்க்காலை அளக்கிறது. அதுதான் உழவர் நாள்தோறும் கடந்து போகும் இடம்.

அயர்லாந்தின் மாதக் கணக்கு வேறு முகம் உடையது. அங்கே வசந்தம் பிப்ரவரி 1 ஆம் நாள், புனித பிரிஜிட்டின் திருநாளில் தொடங்குகிறது. "என் நாளிலிருந்து ஒன்றுவிட்ட ஒருநாள் நல்ல நாள் என்றாள் பிரிஜிட், என் நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் நல்ல நாள் என்றார் பேட்ரிக்" என்பது ஐரிஷ் மொழியில் வழங்கும் வாக்கு. பேட்ரிக்கின் திருநாள் மார்ச் 17. மழைக்கு நடுவே ஒருநாள் விட்டு ஒருநாள் வெயில் கிடைப்பதையே பேறாக எண்ணிய மக்களின் எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கை முழுதாக நம்பிவிடாதபடி, பழுப்புக் கோடுகள் கொண்ட கிழப்பசுவின் கதையும் அதே நாட்டில் உண்டு. மார்ச் மாதம் தன்னைக் கொல்ல முடியவில்லை என்று அந்தப் பசு பெருமை பேசியதாம். சினம் கொண்ட மார்ச், ஏப்ரலிடம் மூன்று நாள்களைக் கடன் வாங்கி, குளிர்மழையும் காற்றும் வீசிப் பசுவைச் சாய்த்துவிட்டதாம். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வரும் கொடிய நாள்களை இன்றும் அந்தப் பசுவின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

மே மாதத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான வாக்குகள் கிடைக்கும். "ஈரமும் காற்றும் மிகுந்த மே, களத்தைத் தானியத்தாலும் புல்லாலும் நிரப்பும்" என்று ஒன்று; "வறண்ட மே, சொட்டும் ஜூன், எல்லாம் இசைவாக அமையும்" என்று மற்றொன்று. இவற்றில் எது சரி என்று தேடுவதில் பயனில்லை. புல்லை நம்பிய மேய்ச்சல் நிலமும் தானியத்தை நம்பிய உழவு நிலமும் மழையை வெவ்வேறு வாரங்களில் கேட்கின்றன. இரண்டுமே கோடை முற்றுவதற்கு முன் ஈரம் தேவை என்பதில் உடன்படுகின்றன என்பதே என் கணிப்பு.

வானிலைக் குறிகளைச் சோதிக்கும் வழி

மழை வரும், வராது என்று குறி சொல்லும் பழமொழிகளை மதிப்பிட ஓர் எளிய அளவுகோல் உண்டு. அது எவ்வளவு தொலைவு முன்னோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். சில மணிநேரம் முதல் ஒருநாள் வரை பேசுபவற்றில் பெரும்பாலும் இயற்பியல் அடிப்படை இருக்கும். ஒரு பருவம் முழுவதற்கும் வாக்குக் கொடுப்பவற்றில் அது அரிது.

"புல்லில் பனித்துளி இருந்தால் மழை வந்து சேராது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத, காற்றடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றின் ஈரம் புல்நுனியில் துளியாகப் படிகிறது. மேகம் போர்த்தியிருந்தால் அந்தக் குளிர்ச்சி ஏற்படாது, துளியும் படியாது. ஆகவே காலையில் கால் நனைவது, இரவு வானம் தெளிவாக இருந்தது என்பதற்கும் உயரழுத்தம் நிலவுகிறது என்பதற்கும் நம்பத்தக்க சான்று. ஈரத்தைக் கண்டு வறட்சியைக் கணிக்கும் நுட்பம் அது.

இதே நுட்பம் இன்னும் கூர்மையாக ஐரிஷ் மொழியின் "ஆற்றின்மேல் மூடுபனி நல்ல வானிலைக்கு, குன்றின்மேல் மூடுபனி கெட்ட வானிலைக்கு" என்ற வாக்கில் வெளிப்படுகிறது. இந்த வகைப் பழமொழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கி, ஆற்றை ஒட்டி மூடுபனியாகிறது. சூரியன் ஏறியதும் அது கலைந்து நல்ல பகல் விடிகிறது. குன்றுச்சியில் தெரிவதோ பெரும்பாலும் மூடுபனியே அல்ல, அட்லாண்டிக்கிலிருந்து வந்த ஈரக்காற்று மலையில் மோதி எழுந்து உண்டாக்கிய தாழ்ந்த மேகம். அதன் பின்னால் மழை காத்திருக்கிறது. ஒரே வெண்திரை, அது நிற்கும் உயரத்தை வைத்து எதிரெதிர்ச் செய்தி சொல்கிறது. கருவி ஏதுமில்லாமல் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துச் சில சொற்களில் அடக்கியவர்களின் கவனம் போற்றத்தக்கது.

"கானாங்கெளுத்தி வானம், நெடுநேரம் நனையாது, நெடுநேரம் காயாது" என்ற ஆங்கில வாக்கு, மீனின் முதுகுக் கோடுகளைப் போல வரிவரியாகச் சிதறிக் கிடக்கும் உயர்மேகங்களைப் பற்றியது. அத்தகைய மேகங்கள் அடிக்கடி வெப்ப முகப்புக்கு, அதாவது குளிர்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் வெதுவெதுப்பான காற்றின் விளிம்புக்கு, முன்னோடியாக வருவதால், மாறும் வானிலையை அது சரியாகவே உணர்த்துகிறது. "ஏழு மணிக்கு முன் மழை, பதினொன்றுக்குள் தெளிவு" என்பதும் அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்து வரும் மழைப்பட்டை ஓர் இடத்தைக் கடக்கச் சில மணிநேரமே பிடிக்கும் என்ற பட்டறிவில் எழுந்தது. பட்டை நகராமல் நின்றுவிட்டாலோ ஒன்றன்பின் ஒன்றாக வந்தாலோ பொய்த்துவிடும்.

நெடுந்தொலைவு பேசுபவற்றில் புகழ்பெற்றது புனித சுவிதின் திருநாள் வாக்கு: ஜூலை 15 அன்று மழை பெய்தால் நாற்பது நாள் பெய்யும், வெயிலடித்தால் நாற்பது நாள் மழை இராது. சுவிதின் 9 ஆம் நூற்றாண்டில் வின்செஸ்டரின் ஆயராக இருந்தவர். தம் உடலை ஆலயத்துக்கு வெளியே, மழை விழும் இடத்தில் புதைக்கச் சொன்னவர் என்றும், 971 இல் அந்த நாளில் அவருடைய எச்சங்கள் உள்ளே மாற்றப்பட்டபோது பெருமழை கொட்டியது என்றும் மரபுக்கதை சொல்கிறது. வானிலைப் பதிவுகள் தொடங்கிய பின் அந்த நாளை அடுத்து நாற்பது நாளும் தொடர்ந்து மழை பெய்ததாகவோ, நாற்பது நாளும் தொடர்ந்து வறண்டிருந்ததாகவோ பதிவே இல்லை. இருந்தாலும் கதையென்று முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து விரைந்தோடும் ஜெட் காற்றோட்டம் ஜூலை நடுவில் ஒரு போக்கில் நிலைகொள்வது உண்டு. அது தீவுகளுக்கு வடக்கே ஓடினால் கோடையின் எஞ்சிய பகுதி உலர்வாகவும், தெற்கே ஓடினால் ஈரமாகவும் நீடிக்க வாய்ப்பு மிகுதி. நாற்பது என்ற எண்ணை விட்டுவிட்டு, வந்த போக்கு சில காலம் நிற்கும் என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

ஓக் மரம் ஆஷ் மரத்துக்கு முன் துளிர்த்தால் தூறலோடு போகும், ஆஷ் முந்தினால் தெப்பமாக நனைய நேரும் என்ற வாக்குக்கு அந்த அளவு சலுகைகூடத் தர இயலாது. ஓக் மரம் வசந்தகால வெப்பத்துக்கு விரைந்து அசையும்; ஆஷ் அந்த அளவுக்கு அசையாது. எது முந்துகிறது என்பது கழிந்துபோன வாரங்களின் வெப்பத்தைச் சொல்கிறதே தவிர, வரப்போகும் மழையைச் சொல்லவில்லை. வசந்தங்கள் வெதுவெதுப்பாகிவிட்ட அண்மைப் பதின்ஆண்டுகளில் பெரும்பாலும் ஓக்கே முந்துகிறது, ஆனாலும் ஈரமான கோடைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எது நனைகிறது, எது காய்கிறது

வானிலையைப் பேசாமல் மனிதர்களைப் பேசும் பழமொழிகளில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இதில் நனைவது எது, நனைந்தால் யாருக்கு என்ன இழப்பு?

"பூனை மீன் தின்னும், ஆனால் காலை நனைக்காது" என்பது இடைக்கால ஆங்கிலத்திலிருந்தே வழங்கும் வாக்கு. ஷேக்ஸ்பியரின் மெக்பத் நாடகத்தின் முதல் அங்கம், ஏழாம் காட்சியில் லேடி மெக்பத் தன் கணவனின் தயக்கத்தைக் குத்திக்காட்டும்போது, பழமொழியில் வரும் பாவப்பட்ட பூனையைப் போல என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறாள். மீனையும் காலையும் சொல்லவில்லை. அவையோருக்கு அது தெரிந்தே இருந்தது. இங்கே ஈரம் என்பது ஆசைக்குக் கொடுக்க வேண்டிய சிறு விலை. அதைக் கொலைக்குத் தூண்டும் இடத்தில் பயன்படுத்தியதால், சோம்பலைக் கண்டிக்கும் எளிய வாக்கு அங்கே அச்சமூட்டும் கருவியாக மாறிவிடுகிறது. பழமொழியைப் படிப்பவர், அது எந்த வாயிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

"வெயில் இருக்கும்போதே புல்லைக் காயவை" என்பது 1546 இல் வெளியான ஹேவுட்டின் பழமொழித் திரட்டில் இருக்கிறது. வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள் என்று பொதுவாகப் பொருள் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வெட்டிய புல்லில் முக்கால் பங்குக்கும் மேல் நீர்; அது ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை தொடர்ந்து சில உலர்ந்த நாள்கள் வேண்டும். ஈரம் போகாமல் போரில் அடுக்கினால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடேறி, பூஞ்சை பிடிக்கும். சில வேளைகளில் போர் தானாகவே தீப்பிடித்தும் விடும். எனவே அந்த வாக்கை மகிழ்ச்சியான அழைப்பாக மட்டும் மொழிபெயர்த்தால் அதன் பதற்றம் போய்விடும்.

அயர்லாந்தின் "காற்றடிக்கும் நாள் கூரை வேயும் நாள் அல்ல" என்பது இதற்கு மறுபக்கம். ஓலைக்கட்டுகளை இறுக்கிப் பிடிக்க வளைத்துச் செருகும் குச்சிகளைப் பற்றியே மூலம் பேசுகிறது. புயல் வந்தபின் குச்சி சீவ உட்கார்ந்தவர் நனையத்தான் வேண்டும்.

"கிணறு வற்றும்வரை நீரின் அருமை தெரியாது" என்பது 1721 இன் ஸ்காட்லாந்துத் திரட்டிலும் 1732 இல் தாமஸ் ஃபுல்லரின் ஆங்கிலத் திரட்டிலும் காணப்படுகிறது. ஐரிஷ் மொழியிலும் அதே கருத்து வழங்குகிறது. மழை மிகுந்த நாடுகளில் பிறந்தது என்பதால் அதன் வலிமை கூடுகிறது, குறையவில்லை. "குதிரையை நீர்த்துறைக்கு அழைத்துப் போகலாம், குடிக்க வைக்க முடியாது" என்பது 12 ஆம் நூற்றாண்டு மறையுரைகளிலேயே இருக்கிறது. "கதைக்கு முன் குடிக்க ஏதாவது" என்ற ஐரிஷ் வாக்கை விளக்கவே வேண்டாம். வந்த விருந்தினரின் வறண்ட தொண்டையை நனைக்காமல் செய்தி கேட்பது அங்கே பண்பல்ல.

பயன்படுத்துமுன் கவனிக்க வேண்டியவை

"கடவுளை நம்பு, வெடிமருந்தை உலர்வாக வைத்திரு" என்பது 17 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் படைத்தலைவர் ஆலிவர் கிராம்வெல் தம் வீரர்களுக்குச் சொன்னதாகப் பரவியிருக்கிறது. கருமருந்து ஈரம் பட்டால் வெடிக்காது என்பது உண்மை. ஆனால் 1649 இல் அயர்லாந்துக்குள் படையோடு நுழைந்த கிராம்வெல்லின் வாயில் இந்தச் சொற்கள் அச்சில் ஏறியது 1834 இல், அர்மா பகுதியைச் சேர்ந்த வில்லியம் பிளாக்கர் எழுதிய பாடலில்தான். பிளாக்கர் ஆரஞ்சு அமைப்பைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் படையதிகாரி. ஆகவே இங்கிலாந்தில் இது முன்னெச்சரிக்கைக்கான வாக்காக மட்டும் ஒலித்தாலும், அயர்லாந்தில் கிராம்வெல்லின் பெயரோடு சொல்லும்போது அவருடைய படையெடுப்பு விட்டுச்சென்ற பழைய காயத்தைத் தொடுகிறது. அந்த நாட்டைப் பற்றி எழுதும்போது இதைப் பொன்மொழியாகத் தூவாதீர்கள்.

"மணமகள்மேல் வெயில் படுவது நற்பேறு, இறந்தவர்மேல் மழை விழுவது ஆசி" என்ற வாக்கிலும் பாதியை மட்டும் எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. முதல் பகுதியை 1648 இல் ராபர்ட் ஹெரிக்கின் கவிதைத் தொகுதியிலும் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், திருமணத்தில் தீக்குறியாகக் கருதப்பட்ட அதே மழை அடக்கத்தில் அருளாக மாறுவது தெரியும்.

ஒரு வாக்கு உண்மையிலேயே பழையதா என்று பார்க்க, ஆங்கிலத்துக்கு 1546 இன் ஹேவுட், 1670 இன் ஜான் ரே, 1732 இன் ஃபுல்லர் ஆகிய மூவரின் திரட்டுகளில் தேடுவது நல்ல தொடக்கம். ஒவ்வொரு வாழ்விலும் சிறிது மழை விழத்தான் வேண்டும் என்ற வாக்கு ஆங்கிலேயப் பழமொழியாக உலவுகிறது. அது 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவின் வரி. "ஐரிஷ் பழமொழி" என்ற முத்திரையோடு வருபவற்றுக்கு, ஐரிஷ் மொழியில் மூல வடிவம் உண்டா என்று தேடுங்கள். 1937 முதல் 1939 வரை, ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் திட்டப்படி, 26 மாவட்டங்களின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் தங்கள் வீட்டு முதியவர்களிடம் கேட்டுக் கைப்பட எழுதிய தொகுப்பு இப்போது டூகஸ் இணையதளத்தில் படங்களாகவே கிடைக்கிறது. அதில் வானிலை வழக்காறு ஒரு தனித் தலைப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளியின் பெயரும் மாவட்டமும் இருப்பதால், மழை மிகுந்த மேற்கில் எழுதப்பட்டதா, அதைவிட உலர்வான கிழக்கில் எழுதப்பட்டதா என்பதை அங்கேயே அறிந்துகொள்ளலாம்.

நீங்கள் திரட்டும் ஒவ்வொரு வாக்குடனும் அது வழங்கும் நாடு, முதலில் அச்சான ஆண்டு, 1752 க்கு முந்தையதா என்பது, எந்த வேலையைச் சார்ந்தது, எது நனைகிறது அல்லது காய்கிறது ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள். மார்ச் புழுதிக்கு அந்தக் குறிப்பு இப்படி அமையும்: இங்கிலாந்து, 1533, முந்தையது, பத்து நாள் கூட்டுக, களிமண் வயலில் வசந்தகால விதைப்பு, மேல்மண் காய்கிறது.